எந்தக் கோப்புறையிலிருந்து?

கோப்புகளின் பாதைகளைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரே அறிவுரைதான் கிடைக்கும்: முழுப் பாதையை எழுதாதே, சார்புப் பாதையை எழுது. ‘சி:/’ என்று தொடங்கும் பாதை உன் கணினியோடு நின்றுவிடும், ‘ஒலிகள்/தம்புரா.வேவ்’ என்று எழுதினால் கோப்புறையை அப்படியே தூக்கிக்கொண்டு எங்கே போனாலும் ஓடும். அறிவுரை நல்லதுதான், ஆனால் அது பாதியில் நின்றுவிடுகிறது என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. சார்புப் பாதை எதைச் சார்ந்தது என்று அது சொல்வதில்லை. ஒரே கோப்பில் முடிந்துவிடும் சின்ன நிரலில் இந்தக் கேள்வி எழவே எழாது. பெட்டிகளைக் கம்பிகளால் இணைத்து நிரல் எழுதும் பியூர் டேட்டா, டச்டிசைனர் போன்ற சூழல்களில், ஒரு பெட்டிக்குள் இன்னொரு கோப்பு, அந்தக் கோப்பின் பெட்டி ஒன்றுக்குள் மற்றொரு கோப்பு என்று அடுக்கு ஏற ஏற, ஒரே பாதைக்கு இரண்டு மூன்று கோப்புறைகள் உரிமை கொண்டாடத் தொடங்குகின்றன.

என்னோடு ஒலி நிறுவல்களில் வேலை செய்யும் தம்பி ஒருவர் பியூர் டேட்டாவில் ஒரு வாசிப்பானைச் செய்திருந்தார். அமைப்பு எளியது. மேல் கோப்புறையில் ‘மேடை.பிடி’ என்ற முதன்மைப் பேட்ச்; பியூர் டேட்டாவில் எழுதிய நிரலைப் பேட்ச் என்பார்கள். அதன் கீழே ‘கருவிகள்’ என்ற கோப்புறைக்குள் ‘வாசிப்பான்.பிடி’. கருவிகள் கோப்புறைக்குப் பக்கத்தில் ‘ஒலிகள்’ என்ற கோப்புறைக்குள் பதிவுகள். மேடையில் ஒரு பெட்டியைப் போட்டு அதற்குள் ‘கருவிகள்/வாசிப்பான் ஒலிகள்/தம்புரா.வேவ்’ என்று எழுதியிருந்தார். வாசிப்பான் அந்தப் பெயரை, பெட்டிக்குத் தரும் முதல் அளவுருவைக் குறிக்கும் $1 என்ற இடத்தில் வாங்கி, தனக்குள் இருக்கும் சவுண்ட்ஃபைலர் பெட்டிக்கு அனுப்பும். சவுண்ட்ஃபைலர் கோப்பைத் திறந்து அலைவடிவத்தை அட்டவணையில் ஏற்ற வேண்டும். ஏற்றவில்லை. கோப்பைத் திறக்க முடியவில்லை என்று கன்சோலில் ஒரு வரி விழுந்தது.

“அண்ணா, பாதை சரியாத்தான் இருக்கு, நானே எழுத்தெழுத்தா பாத்துட்டேன். மேடை பேட்ச்லயே ஒரு சவுண்ட்ஃபைலரைப் போட்டா அதே பேரு ஓடுது. வாசிப்பானுக்குள்ள போனா மட்டும் காணோங்குது” என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவரே ஒரு வழியையும் கண்டுபிடித்துவிட்டார். மேடையில் எழுதிய பாதைக்கு முன்னால், ஒரு கோப்புறை மேலே போ என்று பொருள்படும் ‘../’ சேர்த்து, ‘../ஒலிகள்/தம்புரா.வேவ்’ என்று மாற்றியதும் ஒலி வந்துவிட்டது. அவருக்கு அன்றைய வேலை முடிந்தது. எனக்கோ அந்த இரண்டு புள்ளிகளும் உறுத்திக்கொண்டே இருந்தன. மேடையைத் திறந்து அந்தப் பெட்டியைப் படிக்கிற எவரும், ஒலிகள் இந்தத் திட்டத்துக்கு வெளியே ஏதோ ஒரு கோப்புறையில் இருப்பதாகத்தான் புரிந்துகொள்வார்கள். எழுதிய இடத்திலிருந்து பார்த்தால் பொய்யான பாதை, ஓடுகிற இடத்திலிருந்து பார்த்தால் உண்மை. வாசிப்பான் எந்தக் கோப்புறையில் வைக்கப்பட்டிருக்கிறது என்ற உள்விவரம், அதைப் பயன்படுத்துகிறவரின் பேட்சில் இரண்டு புள்ளிகளாகக் கசிந்திருக்கிறது. நாளைக்கு வாசிப்பானை ஒரு படி உள்ளே தள்ளி வைத்தால், அதைப் பயன்படுத்தும் எல்லாப் பேட்சுகளும் ஒரே நேரத்தில் ஊமையாகும்.

பெட்டிக்குள் பெட்டி, ஆனால் இரண்டு வகை

பியூர் டேட்டா, மில்லர் பக்கட் 1990களில் எழுதத் தொடங்கிய மென்பொருள். பாரிஸில் உள்ள இர்காம் நிறுவனத்தில் 1980களில் இதே வகையைச் சேர்ந்த மாக்ஸ் மென்பொருளை உருவாக்கியவரும் அவர்தான். பியூர் டேட்டாவின் மூல நிரல் திறந்தே கிடக்கிறது, சி மொழியில் எழுதப்பட்டது, பொறுமையாகப் படிக்கக்கூடியது. பாதைகளைப் பற்றி அது என்ன நினைக்கிறது என்று அறிய, ஒரு பேட்சுக்குள் இன்னொரு பேட்சை வைக்க அது தரும் இரண்டு வழிகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சப்பேட்ச் என்பது வெறும் மறைப்பு. அதற்குள் இருக்கும் பெட்டிகள் எல்லாம் அதே கோப்பில்தான் சேமிக்கப்படுகின்றன. கோப்பை எழுத்துத் திருத்தியில் திறந்தால், மேல் பேட்சின் வரிகளுக்கு நடுவே அவை வரிவரியாகக் கிடப்பதைப் பார்க்கலாம். அப்ஸ்ட்ராக்‌ஷன் என்பது தனிக் கோப்பு. மேல் பேட்சின் கோப்பில் அதற்கு ஒரே ஒரு வரிதான் உண்டு: பெட்டி இருக்கும் இடத்தின் இரண்டு எண்கள், பெயர், அதற்குக் கொடுத்த அளவுருக்கள், அவ்வளவுதான். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டையும் சொடுக்கினால் ஒரு சாளரம் திறக்கும், அதற்குள் பெட்டிகள் இருக்கும்.

பாதையைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றல்ல. நினைவகத்தில் ஒவ்வொரு பேட்சுக்கும், சப்பேட்சுக்கும்கூட, அதன் பெட்டிகளைத் தாங்கும் கேன்வாஸ் என்ற பரப்பு ஒன்று உண்டு; ஆனால் ‘என் கோப்புறை எது, என் அளவுருக்கள் என்ன’ என்ற விவரங்களை வைத்திருக்கும் சூழல், தனிக் கோப்பாகத் திறக்கப்பட்ட கேன்வாஸுக்கு மட்டுமே தரப்படுகிறது. சப்பேட்சுக்குள் இருக்கும் ஒரு பெட்டி தன் கோப்புறை எது என்று கேட்டால், நிரல் அந்தக் கேன்வாஸிலிருந்து அதன் உரிமையாளருக்கு, அவரிடமிருந்து அவருடைய உரிமையாளருக்கு என்று, சூழல் உள்ள ஒன்று கிடைக்கும்வரை ஏறிப் போகும். ஆகவே பத்து சப்பேட்சுகளுக்கு அடியில் புதைத்து வைத்தாலும் பதில் அந்தக் கோப்பின் கோப்புறைதான். அப்ஸ்ட்ராக்‌ஷனின் எல்லையைத் தாண்டினால் மட்டும் பதில் மாறும். வெவ்வேறு இடங்களில் மீண்டும் பயன்படும் என்று நினைத்து ஒரு சப்பேட்சைத் தனிக் கோப்பாக வெட்டி வேறு கோப்புறையில் வைத்தால், உள்ளே ஒரு பெட்டியைக்கூடத் தொடாமலே அதற்குள் இருக்கும் பாதைகள் அனைத்தின் பொருளும் மாறிவிடும். படம் அப்படியே இருக்கும், பொருள் மட்டும் நகர்ந்திருக்கும். படத்தைப் பார்த்து நிரலைப் புரிந்துகொள்ளலாம் என்பதற்காகவே இந்த மாதிரிச் சூழலுக்கு வந்தவர்களுக்கு இது கொஞ்சம் கசப்பானது.

இந்த விதியைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஒரு எதிரொலிக் கருவியை எழுதுகிறவர், அதற்கு வேண்டிய தூண்டல் பதிவைக் கருவியின் பக்கத்திலேயே வைத்து, உள்ளே அதன் பெயரை மட்டும் எழுதியிருப்பார். கருவியை யார் எந்தப் பேட்சில் போட்டாலும் அந்தப் பதிவு கிடைக்க வேண்டும். அதற்கு, கருவியின் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து தேடுவதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. சி மொழியில் மேற்கோள் குறிக்குள் இன்க்ளூட் செய்த கோப்பைத் தொகுப்பி முதலில் எங்கே தேடுகிறதோ, இணையப் பக்கத்தின் நடைத்தாளில் எழுதிய படத்தின் முகவரி எதிலிருந்து தொடங்குகிறதோ, அதே தர்க்கம்தான். நடைத்தாளில் எழுதியது நடைத்தாள் இருக்கும் இடத்திலிருந்து, அதைச் சேர்த்துக்கொண்ட பக்கம் இருக்கும் இடத்திலிருந்து அல்ல. எழுதியவர் எங்கே உட்கார்ந்து எழுதினாரோ அந்த இடமே தொடக்கம்.

தம்பியின் வாசிப்பானிலும் அந்த விதிதான் ஓடியது. அப்படியிருந்தும் அது தவறான இடத்தில் தேடியது.

டிக்ளேர் தந்த நிம்மதி

இதற்குப் பலரும் சொல்லும் தீர்வு டிக்ளேர் பெட்டி. மேடையில் ஒரு டிக்ளேரைப் போட்டு, இந்தக் கோப்புறையையும் தேடல் பாதையில் சேர்த்துக்கொள் என்று சொல்லிவிடலாம். பியூர் டேட்டா ஒரு கோப்பைத் தேடும்போது, பெட்டி இருக்கும் கோப்பின் கோப்புறையோடு, அந்தக் கோப்பில் அறிவித்த பாதைகளையும், அதைத் தாங்கி நிற்கும் மேல் கோப்புகளில் அறிவித்த பாதைகளையும், கடைசியாக அமைப்புகளில் பதிந்து வைத்த பொதுப் பாதைகளையும் பார்க்கும். ஆகவே மேடையில் செய்த அறிவிப்பு வாசிப்பானுக்குள்ளும் செல்லும். இரண்டு புள்ளிகளை எடுத்துவிடலாம். ஒலி வரும். கொஞ்ச நாள் நாங்களும் அப்படியே வைத்திருந்தோம்.

பிறகு வாசிப்பானை ஒரு பொது நூலகமாக மாற்றியபோது, யாரும் எடுத்தவுடன் ஓட்டிப் பார்க்க வசதியாக அதன் பக்கத்தில் ஒரு மாதிரிப் பதிவும் வைக்கப்பட்டது. வைத்தவர் அதற்கு ‘ஒலிகள்’ என்ற கோப்புறையையும் ‘தம்புரா.வேவ்’ என்ற பெயரையும் கொடுத்தார்; வேறு என்ன பெயரைக் கொடுப்பார்? ஒத்திகையில் மேடைப் பேட்சைத் திறந்தபோது கன்சோலில் எந்தப் பிழையும் இல்லை. தம்புரா இனிமையாகவே ஒலித்தது. பாடகர் மட்டும் வாயைத் திறந்து மூடிக்கொண்டு எங்களைப் பார்த்தார். நாங்கள் பதிவு செய்து வைத்திருந்தது ஒரு கட்டை சுருதி. ஒலித்துக்கொண்டிருந்தது இரண்டு கட்டை. தேடல் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோப்புறையாகப் போய்ப் பார்க்கும் முறைக்கு இது இயல்பான விளைவு. கிடைக்கவில்லை என்ற பிழையை அது குறைக்கும். வேறு எதுவோ கிடைத்துவிட்டது என்ற பிழையை வளர்க்கும். மாக்ஸ் இந்த வழியில் இன்னும் தூரம் போகிறது. அங்கே பாதையையே எழுதாமல் கோப்பின் பெயரை மட்டும் எழுதினால் போதும், தேடல் பாதையில் உள்ள கோப்புறைகளில் அதுவே தேடிக்கொள்ளும். அதன் பயனர்கள் தங்கள் கோப்புகளுக்கு நீண்ட, விசித்திரமான பெயர்களை வைப்பதைப் பார்த்து நான் சிரித்ததுண்டு. அந்த ஒத்திகைக்குப் பிறகு சிரிப்பதில்லை.

ஒரே எழுத்து, ஒரே சிம்பல்

தேடல் வரிசையை எப்படி மாற்றியமைத்தால் சரியாகும் என்று நான் சில காலம் யோசித்தேன். மேல் பேட்சின் கோப்புறையை முதலில் பார்த்தால்? அப்போது எதிரொலிக் கருவியின் தூண்டல் பதிவு, மேல் பேட்சின் பக்கத்தில் தற்செயலாக அதே பெயரில் இருக்கும் கோப்பிடம் தோற்கும். கருவியின் கோப்புறையை முதலில் பார்த்தால்? சுருதி மாறிய தம்புரா. எந்த வரிசையை வைத்தாலும் இரண்டில் ஒருவருக்கு அநியாயம் நடக்கும். வரிசையிலேயே விடையைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு, மூல நிரலில் வேறு எதையோ தேடிப் போய் சிம்பல்கள் உருவாகும் இடத்தைப் படித்தபோதுதான் பிரச்சினை அங்கே இல்லை என்பது உறைத்தது.

பியூர் டேட்டாவின் கம்பிகளில் ஓடும் சொற்கள் எல்லாம் சிம்பல்கள். ஒரு சொல்லைச் சிம்பலாக்கும்போது, அதே எழுத்துகளைக் கொண்ட சிம்பல் முன்பே அட்டவணையில் இருக்கிறதா என்று நிரல் பார்க்கும். இருந்தால் அதையே திருப்பித் தரும், இல்லையென்றால் புதிதாக ஒன்றைச் சேர்க்கும். இரண்டு சொற்கள் ஒன்றா என்று ஒப்பிடுவதற்கு எழுத்தெழுத்தாகப் பார்க்காமல் நினைவக முகவரியை மட்டும் பார்த்தால் போதும் என்பதற்காக இந்த ஏற்பாடு. செய்திகள் வேகமாகப் போய்ச் சேர வேண்டிய ஓர் ஒலி நிரலுக்கு மிகவும் பொருத்தமானது. ஆனால் பாதைகளுக்கு அதன் விளைவு என்ன? மேடையை எழுதியவர் எழுதிய ‘ஒலிகள்/தம்புரா.வேவ்’, நூலகத்தை எழுதியவர் தன் கோப்பில் எழுதிய ‘ஒலிகள்/தம்புரா.வேவ்’ ஆகிய இரண்டும் நினைவகத்தில் ஒரே பொருள். ஒன்றுபோல இருக்கும் இரண்டு பொருள்கள் என்றுகூடச் சொல்ல முடியாது, ஒன்றேதான். எந்தக் கோப்பில் எழுதப்பட்டது என்ற குறிப்பை அதன்மேல் ஒட்டவேண்டும் என்று யாராவது விரும்பினாலும் ஒட்டுவதற்கு இடமில்லை, ஏனென்றால் அது எழுதப்பட்ட எல்லா இடங்களுக்கும் பொதுவானது. ‘சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது’ என்று எழுதிய சீட்டு, எந்த வீட்டுக் கதவில் ஒட்டியிருந்தது என்று தெரியாமல் கைமாறி வந்து சேர்ந்தால், அதை வாங்கியவர் தன் பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்.

அப்போதுதான் வாசிப்பானுக்குள் இருக்கும் சவுண்ட்ஃபைலரின் மேல் எனக்கு இரக்கம் வந்தது. அதன் கைக்கு வரும் பாதைகள் இரண்டு வகை. ஒன்று, வாசிப்பானை எழுதியவர் உள்ளேயே எழுதியது. அது வாசிப்பானின் கோப்புறையிலிருந்து தொடங்க வேண்டும். மற்றொன்று, பயன்படுத்துகிறவர் வெளியே எழுதி உள்ளே அனுப்பியது. அது அவருடைய கோப்புறையிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டும் ஒரே கம்பியில், ஒரே வடிவில் வருகின்றன. வாங்குகிற இடத்தில் எவ்வளவு புத்திசாலித்தனத்தைக் கொட்டினாலும், அனுப்புகிற இடத்தில் தொலைந்த செய்தியை மீட்க முடியாது. ‘எழுதியவர் இருக்கும் இடமே தொடக்கம்’ என்ற விதியை பியூர் டேட்டா மீறவில்லை. எழுதியவர் யார் என்பது அதற்குத் தெரியவில்லை, அதனால் வாசிக்கிறவரை எழுதியவராக எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் இருவரும் ஒருவராகவே இருப்பதால் இது யார் கண்ணிலும் படுவதில்லை.

மற்ற வீடுகளில்

இதன் பிறகு நான் பயன்படுத்தும் மற்றச் சூழல்களையும் இந்தக் கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். காட்சிகளுக்கான டச்டிசைனரில் திட்டம் ‘.டோஇ’ கோப்பாகவும், தனியாக எடுத்து வைத்த காம்போனென்ட் ‘.டாக்ஸ்’ கோப்பாகவும் இருக்கும். காம்போனென்டின் பொது அமைப்புகளில், அதற்குள் இருக்கும் சார்புப் பாதைகளை எதிலிருந்து விரிப்பது என்று கேட்கும் ஒரு தெரிவு இருக்கிறது: திட்டக் கோப்பிலிருந்தா, வெளியிலிருந்து ஏற்றிய டாக்ஸ் கோப்பிலிருந்தா, அல்லது மேல் காம்போனென்ட் எதைச் சொல்கிறதோ அதிலிருந்தா. கேள்வியை வெளிப்படையாகக் கேட்டதற்காகவே எனக்கு அதன்மேல் மரியாதை. ஆனால் அந்தத் தெரிவு ஓர் அறை முழுவதற்கும் ஒன்று. அறைக்குள் இருக்கும் எல்லாப் பாதைகளும் டாக்ஸ் கோப்பைச் சார்ந்தவை என்று வைத்தால், வெளியே இருப்பவர் தந்த காணொளியின் பாதை வெறும் எழுத்துச் சரமாக உள்ளே கடத்தப்படும்போது அதுவும் அந்த விதிக்குள் விழும். திட்டத்தைச் சார்ந்தவை என்று வைத்தால் காம்போனென்டின் சொந்த ஷேடர் கோப்பு, அதாவது படத்தை வரையும் நிரல், தொலையும்.

டச்டிசைனரின் வேர் ஹூடினி என்ற முப்பரிமாண அசைவூட்ட மென்பொருளில் இருக்கிறது. அதை உருவாக்கிய டெரிவேட்டிவ் நிறுவனத்தைத் தொடங்கிய கிரெக் ஹெர்மனோவிக், ஹூடினியின் சைட் எஃபெக்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். வேடிக்கை என்னவென்றால், மூத்த வீட்டில் வழக்கம் வேறு. ஹூடினியில் பாதைகளை ‘$ஹிப்’ என்று தொடங்கி எழுதுவார்கள். இப்போது திறந்திருக்கும் காட்சிக் கோப்பின் கோப்புறை என்று அதற்குப் பொருள். மீண்டும் பயன்படுத்துவதற்காகப் பொதிந்து வைத்த கருவியான டிஜிட்டல் அசெட்டுக்குள் எழுதினாலும் அதற்கு அதே பொருள்தான், பயன்படுத்துகிறவரின் காட்சி. அசெட் தனக்குள்ளேயே பொதித்து வைத்திருக்கும் கோப்பைக் குறிக்க ‘ஆப்டெஃப்:’ என்று தொடங்கும் வேறொரு வகைப் பாதை இருக்கிறது. என்னுடையது, உன்னுடையது என்ற வேறுபாடு பாதையின் முதல் எழுத்துகளிலேயே வந்துவிடுகிறது. எத்தனை கம்பிகளைத் தாண்டினாலும் கழலாது. டச்டிசைனரிலும் திட்டத்தின் பாதை அகராதியில் ஒரு முன்னொட்டைப் பதிந்துவிட்டு, ‘படங்கள்://’ என்பதுபோல எழுதும் வசதி உண்டு. தெரிவுப் பெட்டியைவிட எனக்கு அதுவே பிடித்திருக்கிறது, ஆனால் முன்னொட்டு திட்டம் முழுவதற்கும் பொது என்பதால் இரண்டு காம்போனென்டுகள் ஒரே முன்னொட்டைக் கேட்டால் மீண்டும் பெயர்ச் சண்டைதான்.

அளவீட்டுக் கருவிகளோடு வேலை செய்யும் பொறியாளர்களின் லேப்வியூ இன்னொரு கோணத்தில் வருகிறது. 1986-இல் மெக்கின்டாஷுக்காக முதலில் வெளிவந்த அந்தச் சூழலில், பாதை என்பது எழுத்துச் சரத்திலிருந்து வேறுபட்ட ஒரு தனித் தரவு வகை. சரத்தின் கம்பி இளஞ்சிவப்பு, பாதையின் கம்பி பசுமை கலந்த நீலம். திரையைப் பார்த்தவுடனே எந்தக் கம்பியில் கோப்புப் பாதை ஓடுகிறது என்று தெரியும். இவ்வளவு தூரம் வந்தவர்கள் அந்தக் கம்பியில் தொடக்க இடத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கலாமே என்று தோன்றும். அனுப்பவில்லை. அங்கேயும் ‘இந்த விஐயின் பாதை’ (விஐ என்பது லேப்வியூவில் எழுதிய ஒரு நிரல்) என்ற பெட்டியைப் போட்டு, கடைசிப் பகுதியை உரித்துவிட்டு, மீதியோடு நாமே ஒட்டிக்கொள்ள வேண்டும். பழைய பதிப்புகளில் நிரலை இயங்கு கோப்பாகத் தொகுத்தால் அந்த இயங்கு கோப்பின் பெயரே ஒரு கோப்புறையைப்போல பாதையின் நடுவில் வந்து நிற்கும். ஒரு முறை உரித்தால் போதாமல் இரண்டு முறை உரிக்க வேண்டியிருக்கும். எழுதும்போது ஓடிய நிரல், தொகுத்து வாடிக்கையாளரிடம் கொடுத்த பிறகு கோப்பைத் தேடி அலைந்த கதைகள் அந்த வட்டாரத்தில் ஏராளம்.

இவற்றையெல்லாம்விடத் தெளிவாக இந்தக் கேள்விக்குப் பதில் எழுதியிருப்பது, காட்சி நிரலாக்கத்தோடு தொடர்பே இல்லாத ஓர் ஆவணம். இணைய முகவரிகளின் இலக்கணத்தை வரையறுக்கும் 2005-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 3986, சார்பு முகவரியை விரிப்பதற்கு முன் அடிப்படை முகவரி எது என்று முடிவு செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு, அதற்கு உள்ளிருந்து வெளியே போகும் வரிசையைத் தருகிறது. உள்ளடக்கமே தன் அடிப்படையைச் சொல்லியிருந்தால் அது. இல்லையென்றால் அதைப் பொதிந்திருக்கும் ஆவணத்தினுடையது. அதுவும் இல்லையென்றால் எந்த முகவரியிலிருந்து எடுக்கப்பட்டதோ அது. எதுவுமே இல்லாதபோதுதான் செயலியின் விருப்பம். அடிப்படையைத் தீர்மானித்த பிறகு விரிப்பது வெறும் கணக்கு; பல கோப்புறைகளில் அலைவது அங்கே இல்லவே இல்லை. பாதையை எழுதிய ஆவணம் எது என்பது கையில் இருக்கும்போதே விரித்துவிட வேண்டும் என்பது அதற்குள் அடங்கியிருக்கிறது.

வாசலிலேயே விரிப்பது

பியூர் டேட்டாவில் இதை நடைமுறைக்குக் கொண்டுவர முதலில் தோன்றும் வழி, வாசிப்பானே மேல் பேட்சின் கோப்புறையைக் கேட்டுத் தெரிந்துகொள்வது. அதற்கு வசதி இருக்கிறது. முன்பு ஜிஜீ நூலகத்தின் கெட்டைர் என்ற பெட்டி இருந்தது. இப்போது பிடிகண்ட்ரோல் என்ற பெட்டி மென்பொருளோடே வருகிறது. ‘டைர்’ என்ற செய்தியோடு எத்தனை நிலை மேலே ஏற வேண்டும் என்ற எண்ணையும் கொடுத்தால், அந்த நிலையில் உள்ள கோப்பின் கோப்புறையை அது தரும். வாசிப்பானுக்குள் இதைப் போட்டு 1 என்று எழுதினால் தம்பியின் மேடை உடனே சரியாகிவிடும்.

ஆனால் அடுத்த வாரமே யாராவது வாசிப்பானை ‘சுருதிப்பெட்டி’ என்ற இன்னொரு அப்ஸ்ட்ராக்‌ஷனுக்குள் வைப்பார்கள், சுருதிப்பெட்டி தனக்கு வந்த $1-ஐ அப்படியே வாசிப்பானிடம் கடத்தும். பாதையை எழுதியது மேடை, இப்போது அது இரண்டு நிலை மேலே இருக்கிறது. வாசிப்பான் ஒரு நிலை மட்டும் ஏறி சுருதிப்பெட்டியின் கோப்புறையில் தேடும். எண்ணை 2 ஆக்கினால் நேரடியாகப் பயன்படுத்துகிறவர்கள் கெடுவார்கள். எத்தனை அடுக்குகளுக்கு அடியில் நான் இருக்கிறேன் என்பது ஓர் அப்ஸ்ட்ராக்‌ஷனுக்குத் தெரியவே கூடாத விஷயம். அது தெரிந்தால்தான் ஓடும் என்றால் அதைத் தனியாக எடுத்து வைத்ததற்கே பொருளில்லை.

ஆகவே ஏறும் வேலையை, வாங்குகிற இடத்திலிருந்து எழுதுகிற இடத்துக்கு மாற்றினேன். ‘இங்கிருந்து.பிடி’ என்று ஒரு சின்ன அப்ஸ்ட்ராக்‌ஷன். உள்ளே செய்தி வருவதற்கு ஒரு இன்லெட், ஒரு பிடிகண்ட்ரோல், செய்தி வெளியேற ஒரு அவுட்லெட், நடுவில் செய்தியைக் கோக்க ஒரு பெட்டி. சார்புப் பாதை உள்ளே வரும். அதையும் 1 என்ற எண்ணையும் ‘டைர்’ செய்தியில் கோத்து அனுப்பினால், பிடிகண்ட்ரோல் ஒரு நிலை மேலே ஏறி, அந்தக் கோப்புறையோடு பாதையை ஒட்டி, முழுப் பாதையாகத் திருப்பித் தரும். இங்கே 1 என்பது எப்போதும் சரி, ஏனென்றால் பாதையை எந்தக் கோப்பில் எழுதுகிறோமோ அதே கோப்பில்தான் இந்தப் பெட்டியும் நிற்கிறது. சப்பேட்சுக்குள் வைத்தாலும் கவலையில்லை. ஏறும் நிரல் சூழல் இல்லாத கேன்வாஸ்களை முன்பு சொன்னபடியே தாண்டிப் போய்விடும். அதன்பிறகு கம்பியில் ஓடுவது முழுப் பாதை. சுருதிப்பெட்டி, வாசிப்பான், இன்னும் யார் வழியாகப் போனாலும் பொருள் மாறாது. சிம்பல் அட்டவணையில் மேடையின் தம்புராவும் நூலகத்தின் தம்புராவும் இப்போது இரண்டு வேறு பொருள்கள். முழுப் பாதை எந்தக் கோப்பிலும் சேமிக்கப்படுவதில்லை, பேட்ச் ஓடும் நேரத்தில் மட்டும் உயிரோடு இருக்கிறது. கோப்புறையைத் தூக்கிக்கொண்டு வேறு கணினிக்குப் போனால் அங்கே புதிதாகப் பிறக்கும்.

இதற்கு விலை உண்டு. பெட்டியிலேயே அளவுருவாகக் கோப்பின் பெயரை எழுதும் வசதி போய்விட்டது, ஏனென்றால் அளவுரு கம்பியில் வராது, ‘இங்கிருந்து’ பெட்டியின் வழியாக அதை அனுப்ப முடியாது. மேடையைத் திறந்தவுடன் எந்த வாசிப்பான் எந்தப் பதிவை ஓட்டுகிறது என்று ஒரு பார்வையில் படிக்க முடிந்தது. இப்போது ஒவ்வொரு வாசிப்பானுக்கும் மேலே ஒரு செய்திப் பெட்டியும் ஒரு ‘இங்கிருந்து’ பெட்டியும் கூடுதலாக நிற்கின்றன. தம்பிக்கு இது பிடிக்கவில்லை. “ஒரு பெட்டி இருந்த இடத்துல மூணு பெட்டி நிக்குது, அண்ணா” என்று இன்றுவரை சொல்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, படம் படிக்க எளிதாக இருக்க வேண்டும் என்பது இந்தச் சூழலின் முதல் உறுதிமொழி.

நேர வரிசையிலும் ஒரு சிக்கல் வந்தது. பேட்ச் திறந்தவுடன் தானாகத் தொடக்கச் செய்தியை அனுப்பும் லோட்பேங் பெட்டிகள் வெடிக்கும் வரிசையில், அப்ஸ்ட்ராக்‌ஷன்களுக்குள் இருப்பவை முதலில், மேல் பேட்சில் இருப்பவை பிறகு. வாசிப்பான் தன் லோட்பேங்கில் கோப்பை ஏற்ற முயன்றால், மேடை இன்னும் பாதையை அனுப்பியிருக்காது. அளவுருவாக வந்தபோது இந்தப் பிரச்சினை இல்லை, பெட்டி பிறக்கும்போதே பெயரும் கூடவே பிறந்தது. இப்போது வாசிப்பான் தானாக எதையும் தொடங்காமல், பாதை வந்த பிறகே ஏற்றும்படி மாற்ற வேண்டியிருந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. பாதை வராமல் தொடங்குகிற வாசிப்பானால் யாருக்கும் பயனில்லை.

படிப்பதைவிட எழுதுவதில்தான் இந்த ஏற்பாடு அதிகம் கைகொடுக்கிறது. ஒலியைப் பதிவு செய்யும் ரைட்எஸ்எஃப் பெட்டிக்குச் சார்புப் பாதையைக் கொடுத்தால், அது எங்கும் தேடாது. பெட்டி இருக்கும் கோப்பின் கோப்புறையில் நேராக எழுதிவிடும். பதிவுக் கருவி ஒரு நூலகத்தின் அப்ஸ்ட்ராக்‌ஷனுக்குள் இருந்தால், கச்சேரியின் பதிவு நூலகத்தின் கோப்புறைக்குள் போய் விழும். பிழைச் செய்தி வராது, கோப்பு உருவாகியிருக்கும், நாம் பார்க்கும் இடத்தில் மட்டும் இருக்காது. அடுத்த திட்டம் அதே நூலகத்தை அதே பெயரோடு பயன்படுத்தினால், அந்தப் பதிவின் மேலேயே எழுதிவிடும்.

அதனால் எங்கள் நூலகத்தின் எல்லாக் கருவிகளின் வாசலிலும் இப்போது ஒரு சோதனை இருக்கிறது. வந்த சிம்பலை ‘லிஸ்ட் ஃப்ரம்சிம்பல்’ பெட்டியால் எழுத்தெண்களாகப் பிரித்து, முதல் எண் 47, அதாவது சாய்கோடு, அல்லது இரண்டாவது எண் 58, அதாவது விண்டோஸ் இயக்ககத்தின் முக்காற்புள்ளி, என்று இருந்தால் மட்டும் உள்ளே விடுகிறோம். சார்புப் பாதை வந்தால் கருவி எங்கும் தேடுவதில்லை. வந்த பாதையைக் கன்சோலில் அச்சிட்டு, ‘இங்கிருந்து’ பெட்டி வழியாக அனுப்பவும் என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டு நின்றுவிடுகிறது.